மேனேஜர் குதிக்கும்போது

ஐஸ் பெட்டிக்காரர் குனிந்து பிளக்கில் கை வைத்துவிட்டார். அவள் ஓடிவந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அதை மட்டும் எடுக்காதீங்க."

"இந்த ரூம்ல பெரிய பிளக் இது ஒண்ணுதாம்மா இருக்கு. பெட்டிக்குக் கரண்ட் வேணும்ல?"

"வேற எங்கயாவது பாருங்க."

அவருடைய தொழிலில் பெட்டியின் மேல் விழுந்து அழுபவர்களைப் பார்த்திருப்பார். மூடியைத் திறந்து இன்னொரு தரம் முகத்தைக் காட்டச் சொல்பவர்களைப் பார்த்திருப்பார். பிளக்குக்காகக் கையைப் பிடிக்கிற ஒருத்தியை இப்போதுதான் பார்க்கிறார் போலிருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் பெரிய மாமாவைத் திரும்பிப் பார்த்தார்.

பெரிய மாமா அவளுடைய அம்மாவின் அண்ணன். கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மனிதர். சாவு வீடு என்றால் மட்டும் எங்கிருந்தோ ஒரு தெம்பு வந்து முன்னால் நிற்பார். காலையிலிருந்து நாற்காலிக்கு, வண்டிக்கு, போன் போடுவதற்கு என்று எல்லாவற்றுக்கும் அவர்தான்.

"ஏம்மா, உங்கண்ணன் கிடக்கான். வெயில் ஏறிக்கிட்டே இருக்கு. இப்பப் போயி டிவி ஓடணுமா?"

டிவி ஓடவில்லை, நின்றுகொண்டிருந்தது. அதன் மேல் ஒரு பழைய துண்டு போர்த்தியிருந்தது. துண்டின் நெசவு வழியாக ஆரஞ்சு வெளிச்சம் தெரிந்தது. கீழே முக்காலியில் பழுப்பேறிய சாம்பல் நிறப் பெட்டி ஒன்று. அது சூடாகிவிடக் கூடாது என்று ஒரு சின்ன மேசை ஃபேன் அதைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. செத்தவனுக்கு இல்லாத காற்று அந்தப் பெட்டிக்கு வீசுவதைப் பெரிய மாமா வந்ததிலிருந்தே கவனித்துவைத்திருந்தார்.

"அது வீடியோ கேம் மாமா. பாதியில நிறுத்தி வெச்சிருக்கு. பிளக்கை எடுத்தா எல்லாம் போயிடும்."

"எது போயிடும்?"

முதலிலிருந்து ஆட வேண்டியிருக்கும் என்று சொல்லலாம். யார் ஆட?

உள் அறை வாசலிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "விடுங்க மாமா. அணைக்க வேண்டாம்னு அவர்தான் சொல்லியிருந்தார்."

கணவனை இழந்தவள் பேச்சுக்கு அன்று ஒரு நாளாவது மதிப்பு உண்டு. பெரிய மாமா பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் நீள வயர் வைத்த எக்ஸ்டென்ஷன் இருக்கிறதா என்று கேட்டுவர ஆளை அனுப்பினார். ஐஸ் பெட்டிக்காரர் சுவரோரம் சாய்ந்து நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அண்ணனுக்கு வெளிர் நீலச் சட்டை போட்டிருந்தார்கள். கழுத்துப் பட்டன் போட்டும் உள்ளே இரண்டு விரல் போகும் அளவுக்கு இடம் இருந்தது. போன வருடம் இதே சட்டை அவனுக்கு இறுக்கம் என்று அண்ணி திட்டியிருக்கிறாள்.

அந்தச் சாம்பல் பெட்டியை அப்பா யாரிடமிருந்தோ பழையதாக வாங்கி வந்தபோது அதோடு ஒரே ஒரு கன்ட்ரோலர்தான் இருந்தது. "ஒண்ணுதான் இருக்கு. அடிச்சுக்காம ஆடுங்க" என்று சொல்லிவிட்டு அப்பா குளிக்கப் போய்விட்டார். வேறு பிள்ளைகளாக இருந்தால் முறை வைத்து ஆடியிருப்பார்கள். இந்த வீட்டில் ஒருவர் ஆடும்போது மற்றவர் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது நடக்காத காரியம். அதனால் கன்ட்ரோலரையே பங்கு போட்டுக்கொண்டார்கள். இடது பாதி அவளுக்கு, வலது பாதி அவனுக்கு. இடது பக்கத்தை அமுக்கினால் ஆள் நடப்பான், ஓடுவான், திரும்புவான். வலது பக்கத்தில் இருந்த பொத்தான் குதிப்பதற்கு. இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, நடுவில் அந்தக் கன்ட்ரோலரை ஆளுக்கொரு கையால் பிடித்துக்கொள்வார்கள்.

"நீ டிரைவர். நான் கண்டக்டர். நான் ரைட்டுன்னு சொல்லாம வண்டியை எடுக்காத" என்றான் அண்ணன்.

அன்றைக்கு ஒட்டிய பெயர்தான். அவளுக்குக் கல்யாணம் ஆகி, வேலைக்குப் போய், கண்ணாடிக் கடையில் வருகிறவர்களின் கண்ணுக்கு வில்லையை மாற்றி மாற்றி வைத்து "இது தெளிவா, இது தெளிவா" என்று கேட்கிறவளாக ஆன பிறகும் அவன் போனில் கூப்பிட்டால் "என்ன டிரைவர்?" என்றுதான் ஆரம்பிப்பான்.

ஆட்டத்தில் வருகிறவன் தலையில் விளக்கு கட்டிய குட்டையான சுரங்கத் தொழிலாளி. சுரங்கத்தில் தொடங்கி, பனிமலை ஏறி, மேகத்தின் மேல் தாவி, கடைசியில் ஒரு கோட்டைக்குள் நுழைவான். கோட்டைக்குள் கொதிக்கிற நெருப்பாற்றின் மேல் ஒரு பாலம். பாலத்தின் அந்தப் பக்கத்தில் கொம்பு வைத்த தொப்பியும் பெரிய மீசையுமாக ஒருவன் நிற்பான். மூக்கிலிருந்து புகை வரும். அவனை முதல் தடவை பார்த்த அன்று அப்பா கையிலிருந்த காப்பியை மறந்து நின்றார்.

"அப்படியே எங்க மேனேஜர்டா."

அவருடைய கிடங்கில் அப்படி ஒரு மேனேஜர் இருந்தார். அதன் பிறகு அப்பா வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்: "மேனேஜரை முடிச்சாச்சா?" ஒரு நாளும் முடித்ததில்லை. மேனேஜர் இரண்டு நெருப்பைத் தாழ்வாக எறிவார், ஒன்றை உயரமாக எறிவார், பிறகு பாலம் அதிர ஒரு குதி குதிப்பார். அவர் காற்றில் இருக்கும்போதே அவருக்கு அடியில் ஓடி அந்தப் பக்கம் போய்விட வேண்டும். ஓடும்போது விரலை ஒரு நொடி எடுத்தாலும் ஆள் நின்றுவிடுவான், மேனேஜர் தலைமேல் வந்து இறங்கிவிடுவார். சின்ன வயதில் அந்த இடத்தில் பயத்தில் அவள் விரல் தானாக எடுபட்டுவிடும். "ஏண்டி நிறுத்துற?" என்று அண்ணன் தலையில் குட்டுவான். பிறகு அவனுக்குப் பரீட்சை வந்தது, டிவி பழுதானது, அப்பா போனார், அம்மாவும் போனாள். மேனேஜர் மட்டும் பாலத்தின் அந்தப் பக்கம் தோற்காமலே நின்றுகொண்டிருந்தார்.

அண்ணனுக்கு நோய் எலும்பு வரைக்கும் போய்விட்டது என்று தெரிந்து அவன் வேலையை விட்டு வீட்டோடு இருந்த காலத்தில் அண்ணிதான் அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கினாள். துடைத்து, மாட்டி, போட்டதும் அது பாட்டுப் பாடிக்கொண்டு எழுந்துவிட்டது. "என்னைவிட இது கெட்டியா இருக்கு பாரு" என்றான் அண்ணன். அந்தச் சனிக்கிழமை அவளை வரச் சொன்னான். கட்டிலில் அவன் சாய்ந்துகொள்ள, அவள் இடது பக்கம் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் கண் மறந்திருந்த குழிகளெல்லாம் விரலுக்கு நினைவிருந்தன. சாயங்காலத்துக்குள் பாலத்துக்கு வந்துவிட்டார்கள். மேனேஜர் குதித்தார். நிஜமாகவே பதறி அவள் விரலை எடுத்துவிட்டாள். தோற்றார்கள்.

"அடுத்த சனிக்கிழமை பாத்துக்கலாம்டி" என்று அண்ணன் சிரித்தான். "இந்த ஆளை முடிக்காம எனக்கு நிம்மதி இல்ல."

அந்த வாரம் டாக்டர் அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டு, நாளை எண்ண வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தார். அண்ணனோ தினமும் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டுக் கேட்டு, சனிக்கிழமை காலையில் தானே முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டாக்டருக்கே ஆச்சரியம்.

அவளுக்கு அங்கேதான் அந்த எண்ணம் பிடித்தது. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கிற லிஃப்டை அப்படியே விட்டுவிட்டு ஒரு நாளும் வீட்டுக்கு வந்தவனில்லை. சாப்பாடு ஆறும், அண்ணி திட்டுவாள், முடித்துவிட்டுத்தான் வருவான். பாக்கி வைக்கத் தெரியாதவன். அப்படியானால் ஒரு பாக்கி இருக்கிறவரை அவன் போக மாட்டான். யாரிடமாவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை மேனேஜர் குதித்தபோது அவளுக்குப் பதற்றமே இல்லை. நன்றாகத் தெரிந்தே விரலை எடுத்தாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் அண்ணன் வலது பக்கத்தில் பெருமூச்சு விட்டுவிட்டுத் தன் கட்டை விரலைப் பார்ப்பான். அவள் அதைப் பார்த்தும் பார்க்காதவள் போல "அடுத்த வாரம் அண்ணா" என்பாள். அவளைப் பொறுத்தவரை ஒரு வாரம் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அந்தச் சந்தோஷத்தோடுதான் பஸ் ஏறுவாள்.

போன சனிக்கிழமை பாலத்தில் கால் வைத்ததுமே அண்ணன் நிறுத்தச் சொன்னான்.

"இன்னைக்கு வேணாம்டி. கை கொஞ்சம் ஓயட்டும். இப்படியே நிறுத்தி வை. அடுத்த வாரம் இங்கேருந்தே எடுத்துக்கலாம்."

விரலை எடுக்க வேண்டிய வேலைகூட அன்றைக்கு அவளுக்கு மிச்சம். ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு, பெட்டிக்கு ஃபேனைத் திருப்பிவைத்துவிட்டுக் கிளம்பினாள். இன்று செவ்வாய்க்கிழமை. காலையில் அண்ணி டீ கலந்துகொண்டு வருவதற்குள் அவன் போய்விட்டான். சனிக்கிழமை வரைக்கும் இருக்கவில்லை. பாக்கியாவது ஒன்றாவது.

எக்ஸ்டென்ஷன் வந்தது. தையல்காரம்மாவே கையில் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். "இஸ்திரிப் பெட்டியே தாங்கும்" என்று சொல்லிக் கொடுத்தாள். அண்ணனை நாலு பேராகத் தூக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். ஐஸ் பெட்டிக்காரர் சுவிட்சைப் போட்டார். பெட்டி ஒரு உறுமல் உறுமியது. எங்கோ 'டப்' என்று ஒரு சத்தம். வீடு முழுக்க இருண்டது.

மேசை ஃபேன் மெதுவாகி நின்றது. துண்டுக்குப் பின்னால் இருந்த ஆரஞ்சு வெளிச்சமும் இல்லை.

"இதுக்குத்தான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றார் பெரிய மாமா. "இப்ப ரெண்டும் போச்சு."

நல்ல வேளையாக அப்போதுதான் அண்ணனோடு வேலை பார்த்த இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். இருவரும் நேராக வேலையிலிருந்து வந்திருந்தார்கள். அண்ணன் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் ஒருவர் நாற்காலி மேல் ஏறி ஃபியூஸ் கட்டையைக் கழற்றினார், மற்றவர் டார்ச் அடித்தார். மேலே நின்றவரின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, கை பாட்டுக்கு வயரைச் சுற்றிக்கொண்டிருந்தது. கரண்ட் வந்தது. இறங்கி, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பெட்டியருகில் போய் நின்றார்.

"எதையும் பாதியில விட்டுட்டுப் போற ஆளே இல்லையேம்மா இவரு" என்றார் அவளிடம்.

அவள் தலையை ஆட்டினாள். டிவி மேலிருந்த துண்டு நழுவியிருந்தது. திரையில் சுரங்கத் தொழிலாளி முதல் குகையின் வாசலில், தலை விளக்கு விட்டு விட்டு எரிய, யாராவது பொத்தானை அமுக்குவார்கள் என்று நின்றுகொண்டிருந்தான். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், மனசின் ஒரு மூலையில் விட்டது தொல்லை என்றும் இருந்தது. மேனேஜர் போய்விட்டார். தான் என்ன செய்தோம் என்பதும் அவரோடு போய்விட்டது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அவளே போய் டிவியை அணைத்தாள்.

மத்தியானம் கூட்டம் கலைந்தது. வந்தவர்களைப் பெரிய மாமா தையல்காரம்மா வீட்டுக்குச் சாப்பிட அனுப்பினார். வண்டி நாலு மணிக்கு வரும் என்று நாலைந்து தடவை சொல்லிவிட்டு அவரும் போனார். கூடத்தில் அண்ணியும் அவளும் மட்டும் இருந்தார்கள். ஐஸ் பெட்டி ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது. அண்ணி கண்ணாடி மேல் படிந்திருந்த ஈரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்த கொஞ்ச நேரத்தில் மறுபடி படிந்தது.

"நீ ஒரு வாய் சாப்பிடு" என்றாள் அண்ணி.

"நீங்க?"

"எனக்கு இறங்காது."

இருவரும் சாப்பிடவில்லை. அண்ணி பெட்டியைப் பார்த்தபடியே பேசினாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லச் சொல்லியிருந்தாரு. நாந்தான் சொல்லலை. நீ சங்கடப்படுவியேன்னு."

"என்ன அண்ணி?"

"ஆட்டத்துல தோக்குறது அவராலதானாம். கட்டை விரல் மரத்துப்போச்சு, நேரத்துக்கு அமுங்க மாட்டேங்குதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. பாவம், அவ வாராவாரம் அவ்வளவு தூரத்திலேருந்து பஸ்ல வந்து, எம் விரலால தோத்துட்டுப் போறான்னு. அவ நல்லாத்தான் ஓட்டுறா, டிரைவர் மேல தப்பே இல்ல, கண்டக்டர்தான் செத்துப்போயிட்டான்னு சிரிப்பாரு."

பெருமூச்சு விட்டுவிட்டு அவன் தன் விரலைப் பார்த்த ஒவ்வொரு தடவையும் கண்முன்னால் வந்தது. சாகக் கிடந்தவனுடைய உடம்பில் மிச்சமிருந்த ஒரே நல்ல விரலையும் அவள் கெட்டுப்போனது என்று நம்பவைத்துவிட்டாள். வாங்கிக் கொடுத்த வாரமெல்லாம் இந்த நினைப்போடுதான் படுத்துக் கிடந்திருக்கிறான். தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"அவன் விரல் சரியாத்தான் இருந்துச்சு அண்ணி."

"நீ அப்படித்தான் சொல்வே" என்றாள் அண்ணி. "எனக்குத் தெரியாதா உன்னை?"

"இல்ல அண்ணி. நிஜமாவே. அவன் எல்லாத்தையும் சரியாத்தான்..."

விரலை எடுத்தது தான்தான் என்று சொல்லலாம். இப்போது சொன்னால் அண்ணி நம்பக்கூடும். நம்பி அண்ணி என்ன செய்வாள்? அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு அழ வேண்டியதுதான். கேட்க வேண்டியவன் கண்ணாடிக்குள் கிடக்கிறான். அவள் வாயைத் துணியால் பொத்திக்கொண்டாள். தன்னுடைய பேச்சு அவளை அழவைத்துவிட்டது என்று அண்ணி நினைத்துக்கொண்டாள். நகர்ந்து வந்து பக்கத்தில், வலப் பக்கத்தில், தோள் ஒட்ட உட்கார்ந்தாள்.

"அழாத. விட்டுட்டு எல்லாம் சும்மா கிடக்கல அந்த மனுஷன். மருந்து குடுத்துட்டு மத்தியானம் பக்கத்துல உக்காந்தேன்னா போதும், எங்கையை எடுத்து வெச்சுக்கிட்டு ஆரம்பிச்சிடுவாரு. விரலுக்குப் பழக்கம் பண்றாராம். பொத்தானை அமுக்குற மாதிரியே புறங்கையில அமுக்குறது. இப்ப வேகமா இருந்துச்சா, இப்ப லேட்டான்னு எங்கிட்ட கேள்வி வேற. எனக்கு என்ன தெரியும். நல்லா இருக்குங்கன்னு சொல்வேன். தினமும் இதே வேலை. நேத்துகூட."

அண்ணியின் வலது புறங்கையில் சின்னதாகக் கன்றிப்போயிருந்தது.

"எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு" என்று அண்ணி அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "பாரேன்."

அண்ணியின் கட்டை விரல் அவள் புறங்கையில் அமுங்கியது. சட்டென்று ஒன்று. கொஞ்சம் விட்டு இன்னொன்று. பிறகு நீளமாக ஒன்று, பிடித்தபடி, விட்டு. கோட்டைக்குள் நுழைந்ததும் வருகிற முதல் பள்ளம் அது. அடுத்தது உடைந்து விழுகிற கல். அதற்கடுத்து ஊஞ்சலாடுகிற இரும்புக் குண்டு, பொறு, பொறு, இப்போது. ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆட்டத்தை ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்திராத அண்ணியின் விரலில் அண்ணனுடைய தாளம் முழுசாக இருந்தது. அவளுடைய கண் தானாக மூடிக்கொண்டது. தன் மடியில் கிடந்த இடது கை விரல் சேலை மடிப்பை அமுக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கியது.

பாலம் வந்தது. தாழ்வான நெருப்புக்கு ஒரு குதி. இன்னொரு தாழ்வான நெருப்புக்கு ஒரு குதி. உயரமான நெருப்புக்கு அண்ணியின் விரல் அசையாமல் காத்திருந்தது, அண்ணன் எப்போதும் காத்திருப்பதைப் போலவே. இனி அண்ணனுக்கு வேலை இல்லை. மேனேஜர் குதிப்பார். ஓட வேண்டியது அவள்.

அண்ணியின் விரல் நின்றுவிட்டது.

"அவ்வளவுதான். இதோட நிறுத்திடுவாரு" என்றாள் அண்ணி. "அப்புறம் என்னங்கன்னு ஒரு நாள் கேட்டேன். அப்புறம் அந்தப் பக்கம் போனாதான் தெரியும்னாரு."

மேனேஜர் குதிக்கிற இடத்தில் குதிக்கும் பொத்தானுக்கு வேலையே இல்லை என்பது அவனுக்குத் தெரியாததா? வாசலில் வண்டி பின்னோக்கி வருகிற சத்தமும், "வா, வா, இன்னும் வா" என்று அதற்கு வழி சொல்கிற பெரிய மாமாவின் குரலும் கேட்டன. அண்ணி எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போனாள். அவள் இடது கட்டை விரலை எடுக்காமல் அமுக்கியபடியே உட்கார்ந்திருந்தாள்.